பழைய கவுன்சிலிங் ஃபைலை எப்போ கிழிக்கலாம்? ஏழு வருஷத்தை எந்த நாள்ல இருந்து எண்றதுன்னு முதல்ல பாருங்க

கேள்வி: கலிஃபோர்னியாவுல 2011ல இருந்து தனியா பிராக்டிஸ் பண்றேன், எல்எம்எஃப்டி (திருமண, குடும்ப தெரபிஸ்ட்) லைசென்ஸ். ஆபீஸ் லீஸ் முடியுது, இனிமே வீடியோ செஷன் மட்டும்தான். ரெண்டு இரும்பு கேபினெட் நிறைய பழைய ஃபைல் கிடக்கு. ஹிப்பா (நோயாளி விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்ற அமெரிக்க மத்தியச் சட்டம்) படி ஆறு வருஷம் வச்சா போதும்னு கூடப் படிச்சவங்க சொல்றாங்க. ஒரு ஏஜென்ட் மொத்தத்தையும் எடுத்துட்டுப் போய் ஸ்கேன் பண்ணி, பேப்பரை ஷ்ரெட் பண்ணிடறேன், நாங்க "ஹிப்பா சர்டிஃபைட்"னு தினமும் போன் பண்றாரு. குடுத்துடலாமா?

பதில்: குடுக்காதீங்க. இன்னைக்கு வேணாம், அந்த ஆளுக்கு வேணவே வேணாம். அவர் கதைக்கு அப்புறம் வர்றேன், முதல்ல அந்த ஆறு வருஷத்தை முடிச்சிடலாம்.

ஹிப்பாவுல ஆறு வருஷம்னு ஒண்ணு இருக்கறது நிஜம்தான், ஆனா அது கிளையன்ட் ஃபைலுக்கு இல்ல. நீங்க எழுதி வச்சிருக்கற பிரைவசி பாலிசி, கிளையன்ட்டுக்குக் குடுக்கற நோட்டீஸ், யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணா அதைப் பதிஞ்சு வச்ச பேப்பர், இந்த மாதிரி உங்க ஆபீஸ் நிர்வாகக் காகிதத்துக்குத்தான் ஆறு வருஷம். கிளையன்ட் ஃபைலை எத்தனை வருஷம் வைக்கணும்னு ஹிப்பா சொல்லவே இல்ல, அதை அந்தந்த மாநிலத்துக்கிட்ட விட்டுடுச்சு. நியூயார்க்ல இருக்கற உங்க ஃபிரண்டும் ஆறுன்னுதான் சொல்லுவாங்க, அது அவங்க ஊர் ரூல். உங்க லைசென்ஸ் எந்த ஊர்லயோ அந்த ஊர் கணக்குதான் உங்களுக்கு.

கலிஃபோர்னியா சட்டத்துல உங்க லைசென்ஸுக்கு 4980.49னு ஒரு செக்‌ஷன் இருக்கு. தெரபி முடிஞ்ச தேதியில இருந்து குறைஞ்சது ஏழு வருஷம், அவ்வளவுதான் அது சொல்றது. (சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர், எல்பிசிசிங்கற கிளினிக்கல் கவுன்சிலர் எல்லாருக்கும் இதே ஏழுதான், ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி செக்‌ஷன் நம்பர் போட்டு நாலு இடத்துல எழுதி வச்சிருக்காங்க, ஒரே இடத்துல எழுதினா என்ன குறைஞ்சிடுமோ தெரியல.) 2015 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ முடிஞ்ச தெரபிக்குத்தான் இந்த செக்‌ஷன் பொருந்தும். அதுக்கு முன்னாடி முடிஞ்ச பெரியவங்க ஃபைலுக்கும் ஏழு வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு, அதுல பெரிய தலைவலி இல்ல.

தலைவலி "முடிஞ்ச தேதி"ங்கற வார்த்தையிலதான். முதல் நாள் ஃபார்ம்ல இருக்கற தேதி இல்லைங்க, நிறைய பேர் ஃபைல் மேல ஒட்டின லேபிள்ல இருக்கற வருஷத்தைப் பார்த்து எண்ணிடறாங்க, அது தப்பு. பாதி கிளையன்ட்ஸ் சொல்லிட்டா போறாங்க? 2018 மார்ச்ல கடைசியா வந்துட்டு, ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு வராம, அக்டோபர்ல ஒரு போன் போட்டு "அடுத்த மாசம் வர்றேன்"னு சொல்லிட்டு அப்புறம் ஆளே காணோம். இதுல தெரபி எப்போ முடிஞ்சுது? நீங்க குளோசிங் லெட்டர் அனுப்பியிருந்தா அந்தத் தேதி. அனுப்பலைன்னா நான் கடைசியா நடந்த பேச்சைத்தான் எடுப்பேன், அதாவது அக்டோபர். ஏழு மாசம் கூட வச்சா நஷ்டம் ஒண்ணுமில்ல, ஏழு நாள் முன்னாடி கிழிச்சா லைசென்ஸ் குடுத்த போர்டுக்குப் பதில் சொல்லணும்.

அடுத்தது குழந்தைங்க ஃபைல். இதைத்தான் நான் ரெண்டு தடவை படிக்கச் சொல்லுவேன். மைனரா இருந்தா ஏழு வருஷம் தெரபி முடிஞ்ச நாள்ல இருந்து கிடையாது, அந்தப் பிள்ளைக்கு 18 முடியற நாள்ல இருந்துதான் ஆரம்பிக்குது. அதாவது 25 வயசு வரைக்கும். 2008 செப்டம்பர்ல பொறந்த ஒரு பொண்ணு, ஆறு வயசுல உங்ககிட்ட வந்து நாலே நாலு செஷன், 2015 பிப்ரவரில முடிஞ்சுதுன்னு வைங்க. ஃபைல்ல பத்துப் பக்கம்கூட இருக்காது, கிரேயான்ல வரைஞ்ச ரெண்டு படம் இருக்கும். அந்தப் பொண்ணுக்கு 18 ஆகறது 2026 செப்டம்பர், அங்க இருந்து ஏழு, ஆக 2033 செப்டம்பர் வரைக்கும் அந்த கிரேயான் படம் உங்க பொறுப்பு. அதே சமயம் 2017ல முடிஞ்ச பெரியவர் ஒருத்தரோட தடிமனான ஃபைலுக்கு 2024லயே கெடு முடிஞ்சுடுச்சு. அதனால வருஷ வாரியா அடுக்கி அடி டிராயரை அப்படியே கவுத்துடலாம்னு நினைக்காதீங்க, பொறந்த தேதி பார்க்காம ஒரு ஃபைலையும் தொடாதீங்க.

இதுலயே இன்னொண்ணு. 16 வயசுல வந்து 20 வயசு வரைக்கும் தொடர்ந்த பையன் இருந்தா, 25னு நிறுத்தாதீங்க, முடிஞ்ச தேதியில இருந்து ஏழு எண்ணுங்க, 27 வரும், எது லேட்டோ அதுதான். குடும்பமா வந்தவங்க ஒரே ஃபைல்ல இருந்தாங்கன்னா, அதுல கிளையன்ட்டா இருந்த கடைக்குட்டி யாரோ அந்தக் குட்டியோட கணக்குதான் முழு ஃபைலுக்கும். அம்மா பக்கத்தை மட்டும் பிச்சு எடுத்துக் கிழிக்கறதெல்லாம் வேணாம். அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் 2007ல போட்ட வழிகாட்டுதல்ல 18க்கு அப்புறம் மூணு வருஷம்னு இருக்கே அப்படின்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. அது வழிகாட்டுதல், இது சட்டம், இதுதான் நிக்கும். 2015க்கு முன்னாடி முடிஞ்ச பிள்ளைங்க ஃபைலையும் இதே கணக்குல வச்சிடுங்க, அதுக்குன்னு தனியா மண்டையைப் பிச்சுக்க வேணாம்.

மெடி-கால்ல (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான கலிஃபோர்னியா அரசு இன்ஷூரன்ஸ்) பில் பண்ண ஃபைல்னா ஏழு இல்ல, பத்து வருஷம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் போட்ட கான்ட்ராக்ட்லயும் எங்கயாவது ஒரு மூலைல பொடி எழுத்துல பத்துன்னு இருக்கலாம், எடுத்துப் பாருங்க. கோர்ட்ல இருந்து சப்பீனா வந்திருந்தாலோ, போர்டுல கம்ப்ளெயின்ட் ஓடிட்டு இருந்தாலோ அந்த ஃபைல் மேல கையே வைக்காதீங்க, எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

இப்போ நம்ம ஏஜென்ட். "ஹிப்பா சர்டிஃபைட்"னு அரசாங்கம் யாருக்கும் எதுவும் குடுக்கறது கிடையாது. எந்த பிரைவேட் சர்டிஃபிகேட்டையும் நாங்க ஏத்துக்கறதில்லன்னு அமெரிக்க சுகாதாரத்துறையே சொல்லியிருக்கு. அவர் பிரோஷர்ல இருக்கற அந்தத் தங்கக் கலர் முத்திரை அவரே காசு குடுத்து வாங்கினதா இருக்கும், இல்ல அவரே டிசைன் பண்ணதா இருக்கும். நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பிசினஸ் அசோசியேட் அக்ரிமெண்ட்ல (கிளையன்ட் விவரத்தை ஹிப்பா ரூல் படி காப்பாத்துவேன்னு எழுதிக் குடுக்கற ஒப்பந்தம்) கையெழுத்து போடுவாரா? அது இல்லாம ஒரு பெட்டி வாசல் தாண்டினாலும் தப்பு உங்க மேல. அதைக் கேட்டதும் "மேடம், அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்"னு சொன்னார்னா போனை வச்சிடுங்க.

என்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒருத்தர் இப்படித்தான் விலை கம்மின்னு பதினாலு பெட்டியைத் தூக்கிக் குடுத்துட்டாரு. ஒரு மாசத்துல பென் டிரைவ் வந்துச்சு, அழகா இருக்குன்னு டிராயர்ல போட்டுட்டாரு. அடுத்த வருஷம் ஒரு கிளையன்ட் காப்பி கேட்டாங்க, இங்க 15 நாளுக்குள்ள குடுத்தாகணும். திறந்து பார்த்தா எல்லா ஃபார்மும் முன்பக்கம் மட்டும் ஸ்கேன் ஆகியிருக்கு. சம்மதக் கையெழுத்து, எமர்ஜென்சி நம்பர், மருந்து விவரம் எல்லாம் பின்பக்கம். ஒரிஜினல் எங்கன்னு கேட்டா ஷ்ரெட் பண்ணியாச்சு, கம்பெனி போன் நம்பரும் உயிரோட இல்ல. அந்த பென் டிரைவுக்குப் பாஸ்வேர்டுகூடப் போடல, அது தொலைஞ்சிருந்தா ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் 60 நாளுக்குள்ள லெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஒழுங்கா என்கிரிப்ட் பண்ணியிருந்தா அந்த லெட்டர் வேலையே இல்ல.

ஸ்கேன் பண்ணணும்னா நீங்களே பண்ணுங்க, மெதுவா ஆனாலும் பரவால்ல. ரெண்டு பக்கமும் எடுத்து, பக்க எண்ணிக்கை சரிபார்த்து, என்கிரிப்ட் பண்ணி ரெண்டு இடத்துல வச்சதுக்கு அப்புறம்தான் பேப்பரைத் தொடணும். மாசச் சந்தா கட்டற சாஃப்ட்வேர்ல நோட்ஸ் வச்சிருந்தீங்கன்னா, சந்தாவை நிறுத்தறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி, பத்து ஃபைலையாவது திறந்து பாருங்க, நிறுத்தினப்புறம் கெஞ்சினாலும் கதவு திறக்க மாட்டாங்க.

கெடு முடிஞ்சதைக் கிழிக்கறப்போ ஒரு நோட்டு போடுங்க, ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் இல்லையா. பேர், பொறந்த தேதி, முதல் செஷன், கடைசி செஷன், கிழிச்ச தேதி, எப்படிக் கிழிச்சீங்க, அவ்வளவு போதும், அந்த நோட்டை மட்டும் எப்பவும் தூக்கிப் போடாதீங்க. நீளநீளமா வெட்டற மலிவு மெஷின் வேணாம், ஒட்டிப் படிச்சிடலாம், பொடியா வெட்டறது வாங்குங்க. வேன்ல வந்து உங்க கண்ணு முன்னாடியே அரைச்சுக் குடுக்கற கம்பெனிங்க இருக்கு, அக்ரிமெண்ட்ல கையெழுத்து வாங்கிட்டு அவங்களைக் கூப்பிடலாம், ஆனா கடைசிப் பெட்டி அரைபடற வரைக்கும் வேன் பக்கத்துலயே நில்லுங்க, காபி போட உள்ள போகாதீங்க.

லீஸ் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் பிரிக்க முடியலைன்னா கேபினெட்டைப் பூட்டோட வீட்டுக்குக் கொண்டுபோங்க, சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். ரெண்டு கேபினெட்ல பிள்ளைங்க ஃபைல் எத்தனைன்னு இந்த வாரம் எண்ணிடுங்க, அதுல கடைக்குட்டி பொறந்த வருஷத்தோட 25ஐக் கூட்டுங்க. அந்த வருஷம் வரைக்கும் ஒரு டிராயராவது உங்க வீட்ல இருந்தாகணும்.