நெருக்கி நட்டால் வத்தகையில் இலாபம் கூடுமா?

கேள்வி: வவுனியாவில் எமக்குக் கிணற்று வசதியுள்ள இரண்டு ஏக்கர் காணி உண்டு. ஆள் வைத்து வத்தகை (தர்ப்பூசணி) செய்ய எண்ணுகிறேன். நெருக்கமாக நட்டுப் பசளையைக் கூட்டிப் போட்டால் இலாபம் கூடும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: காய்களின் எண்ணிக்கை கூடலாம், இலாபம் கூடும் என்று சொல்வதற்கில்லை. பேலியகொடை மெனிங் சந்தைக்குக் கொண்டுவரும் பழத்தில் சிறியதும் வடிவம் கெட்டதும் குறைந்த விலைக்கே போகும். ஆனால் லொறிக் கூலி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆகவே ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதை விட, நல்ல விலைக்குப் போகக்கூடிய பழம் எத்தனை கிலோ, அது எந்த வாரத்தில் கைக்கு வரும் என்பதையே கணக்கிடுங்கள்.

வரிசைக்கு வரிசை 2 மீற்றரும் குழிக்குக் குழி 1 மீற்றரும் விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 குழிகள் அமையும். வரிசை இடைவெளியை 1.5 மீற்றராகக் குறைத்தால் அது 2,700 அளவுக்கு ஏறும். விலை கூடிய கலப்பின விதைக்கான செலவும் மூன்றில் ஒரு பங்கு கூடும். கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் காற்றோட்டம் குறைவதால் பூஞ்சண நோய்க்கு மருந்தடிக்கும் செலவு அதன்மேல் வந்து சேரும். இயல்பாகவே சிறு பழம் தரும் இனமாயின் நெருக்கம் பொருந்தும். பெரும்பழ இனத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுகைக் காலமே இங்கு பெரிய விடயம். விதைத்து 75 முதல் 90 நாட்களில் அறுவடை வரும். றமழான் நோன்பு காலத்தில் கொழும்பில் பழத்துக்குக் கேள்வி அதிகம். ஆனால் அது இப்போது பெப்ரவரியை ஒட்டித் தொடங்குவதால், அதற்கென நவம்பரில் விதைப்பவர் வடகீழ்ப் பருவமழைக்குள் அகப்படுகிறார். வேரில் நீர் தேங்குவது ஒரு புறமிருக்க, மழைநாளில் தேனீ பறப்பதில்லை. வத்தகையில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாதலால், மகரந்தம் போதாத காய் கோணிப்போகும் அல்லது பிஞ்சிலேயே உதிரும். ஜனவரி நடுப்பகுதியில் விதைத்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அறுப்பது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மற்றவர்களும் அப்படியே கணக்கிடுவார்கள் என்பதால், இரண்டு ஏக்கரையும் ஒரே நாளில் நடாமல் இரு வார இடைவெளியில் பிரித்து நடுங்கள்.

பசளையைப் பொறுத்தவரை, அளவைப் போலவே இடும் வேளையும் முக்கியம். 46 வீதம் நைதரசன் கொண்ட யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால் கொடி செழிக்கும், பெண் பூ பிந்தும். அறுவடை பிந்தினால் நீங்கள் குறிவைத்த வாரமும் தவறிப்போகும். நன்கு உக்கிய மாட்டெருவை நடுகைக்கு முன் குழியில் இட்டு, யூரியாவைப் பிரித்து இட்டு, காய் பிடித்த பின் நைதரசனைக் குறைத்துப் பொட்டாசியத்துக்கு முதன்மை கொடுங்கள். இனிப்புக்கும் தோலின் உறுதிக்கும் அது துணை செய்யும். காயின் நுனி கறுத்து அழுகினால் இன்னும் பசளை வேண்டுமென்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததே காரணம். அறுவடையை நெருங்கும்போது நீரைக் குறைக்காவிட்டால் பழம் வெடிக்கும், இனிப்பும் குன்றும்.

2021 இல் வந்த இறக்குமதித் தடைக்குப் பின் இரசாயனப் பசளை விற்ற விலையை நினைவில் வைத்திருப்பவர் எவரும் அதைக் கண்மதிப்பில் இடமாட்டார். ஆள் பேசுவதற்கு முன்பே மண் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.