பி.கே., சுனி, அப்புறம் பலராம்

போன இதழில் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி ஜெயித்த தங்கத்தைப் பற்றி எழுதியபோது, அந்த அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம் பெயரை ஒரே ஒரு இடத்தில் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்ததும், இந்தத் தடவை முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி: 2023 பிப்ரவரியில் ஒரு காலை, பேப்பரைப் படித்துக்கொண்டிருந்த அப்பா அதை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டார். கேட்டால், "பலராம் போயிட்டாரும்மா" என்றார். அன்றைக்கு முழுக்கச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சொந்தக்காரர் யாரோ என்று நினைத்துவிட்டேன். யார் இந்தப் பலராம்? அப்பா இப்படி உடைந்துபோகும் அளவுக்கு அவர் என்ன செய்தார்?

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. அன்றைக்கு நானும் அதே நிலைமையில்தான் இருந்தேன்.

இந்தியக் கால்பந்தைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் மூன்று பேரை ஒரே மூச்சில் சொல்வார்கள்: பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். எப்போதும் இதே வரிசைதான், பலராம் கடைசியில்தான் வருவார். முதல் இரண்டு பேரும் 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆறு வார இடைவெளியில் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் இவர் ஒருவர்தான். 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில், 86 வயதில் அவரும் போனார். உங்கள் அப்பாவுக்கு அன்று ஒரு மனிதர் மட்டும் போகவில்லை, அந்த மூவரில் கடைசி ஆளும் போய்விட்டார்.

செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற ஊரில் 1936-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். அம்மா பெயர் முத்தம்மா. பலராம் ஆடியதைப் பார்த்து அழைத்தவர் சையத் அப்துல் ரஹீம், இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர். பயிற்சிக்காக ஹைதராபாத் வரை போய்வரக் கையில் காசில்லை என்று பையன் தயங்க, வாடகை சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தாராம். இதைப் பலராமே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 20 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தார். 1956-ல் நடந்த அந்த ஒலிம்பிக்கில்தான் இந்தியா நான்காவது இடம் பிடித்தது. அப்புறம் கல்கத்தா, அங்கே ஈஸ்ட் பெங்கால் கிளப். 1961-ல் அந்த அணிக்கே கேப்டன்.

உங்கள் அப்பா வயதுக்காரர்கள் மறக்காதது 1960 ரோம் ஒலிம்பிக். நம் குரூப்பில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. இப்போது படிக்கிறவர்களுக்கு அந்த ஹங்கேரியின் பலம் புரியாது. அந்த அணியில் ஆடிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் பின்னால் 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வானவர், அந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வெண்கலம். அவர்களிடம் நாம் தோற்றது வெறும் 1-2 என்ற கணக்கில்தான், நமக்கான அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்ஸோடு 1-1 என்று டிரா, அதில் கோல் பி.கே.யுடையது. பெருவிடம் 1-3 என்று தோற்றபோதும் நம் கோலை அடித்தது பலராம்தான். மூன்று ஆட்டங்களில் இந்தியா மொத்தம் மூன்று கோல் போட்டது, இரண்டு பலராமுடையது. சொல்லும்போது அவரைக் கடைசியில் சொல்கிறோமே, இந்தக் கணக்கையும் கூடவே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் ஜகார்த்தா. போன இதழிலேயே எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா ஆசிய விளையாட்டுக்குள் விடாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்ததில் ஊரே நம் மேல் கோபத்தில் இருந்தது, நம் தேசிய கீதத்துக்கே மைதானத்தில் கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2. அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தோம். பி.கே. ஒரு கோல், நெற்றியில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர். பலராம் இடது ஓரத்தில். அந்த நாளுக்குப் பிறகு இன்று வரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைத்ததில்லை.

அடுத்த வருடமே நுரையீரல் நோய். 1963-ல் ஆட்டத்தை விட்டுவிட்டார். வயது 26, 27 இருக்கும். இன்றைக்கு அந்த வயதில் ஒரு ஃபார்வர்ட் அப்போதுதான் உச்சத்துக்கு வருவான்.

கேள்வி: மூவரில் பலராமுக்கு மட்டும் பத்மஸ்ரீ கிடைக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சுனிக்கு 1983-ல், பி.கே.வுக்கு 1990-ல். பலராமுக்கு அர்ஜுனா விருது 1962-ல் கிடைத்தது, அதோடு சரி. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. அவர் 86 வயது வரை நம்மோடு இருந்தார். ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில், கல்யாணம் செய்துகொள்ளாமல், தனியாக, அமைதியாக வாழ்ந்தார். 60 வருடம் இருந்தும் யாருக்கும் கைநீட்டிக் கொடுக்கத் தோன்றவில்லை. இறந்த அன்று இரங்கல் எழுத மட்டும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

கேள்வி: அவர் ஆடியதை வீடியோவில் எங்கே பார்க்கலாம்? பேரனுக்குக் காட்ட வேண்டும்.

முழு ஆட்டம் ஒன்று கூட நான் பார்த்ததில்லை. அங்கங்கே சில போட்டோக்கள்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆனால் பலராம் ஆட்டத்தை நான் "பார்த்திருக்கிறேன்". எப்படி என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா கரக்பூரில் ரயில்வே வேலையில் இருந்தார். லீவு கிடைத்தால் ஹவுராவுக்கு ரயில் ஏறி, கல்கத்தா மைதானத்தில் ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசி வண்டியில் திரும்புவார். ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்த பிறகு எங்களை உட்காரவைத்து, பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்புவார். பந்துக்கு ஒரு சட்டைப் பட்டன். பலராமுக்கு எப்போதும் ஒரே கொட்டைதான், ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கும், வேறு யாருக்கும் அதைத் தரமாட்டார். இடது ஓரத்தில் அந்தக் கொட்டை. பட்டன் அதனிடம் வரும். "மத்தவனா இருந்தா இப்ப ஓடுவான், இவர் ஓட மாட்டார்டா, பாரு" என்பார். எதிராளிக் கொட்டை ஒன்றை மெதுவாக நகர்த்திக் கிட்டே கொண்டுவருவார், இன்னும் கிட்டே, எங்களுக்கே பதறும். தொடுகிற தூரம் வந்ததும் விரல் நுனியால் பட்டனை ஒரு சின்னத் தள்ளு. அது யாருமே இல்லாத இடத்துக்குப் போகும். "தப்பாப் போட்டுட்டாரே பெரியப்பா" என்று நான் கத்துவேன். அப்போது அவர் இன்னொரு கையால் வேறொரு கொட்டையைச் சர்ரென்று அந்த இடத்துக்கு இழுத்துவந்து, "இது யாரு? சுனி" என்பார். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும் அவருக்கு.

1963-ல் என்ன ஆச்சு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. கொட்டைகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

பேரனுக்கு நீங்கள் இப்படிக் காட்டலாம். வீடியோ இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் சித்தப்பா அந்தக் காலத்தில் மாநில அணிக்குக் கால்பந்து ஆடியவர். போன மாதம் தவறிவிட்டார். பலராம் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை, ஆனால் எங்கள் ஊரில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது பூட்ஸ், கப்புகள், ஒரு பெட்டி நிறைய போட்டோ இருக்கிறது. சித்தி, "எதுக்கு இந்தக் குப்பை" என்கிறார். என்ன செய்யலாம்?

சித்தியிடம் கோபப்படாதீர்கள். அவருக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே இப்போது தெம்பு இருக்காது. அதனால்தான் குப்பை என்கிறார். பெட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், சண்டை போடாமல்.

கப்புகள் எங்கேயும் போகாது. பூட்ஸைத் துடைத்து பாலிஷ் எல்லாம் போடாதீர்கள், மண்ணோடு இருக்கட்டும். அவசரம் போட்டோக்களுக்குத்தான். பழைய அணிப் படம் ஒன்றில் 15 பேர் வரிசையாக நிற்பார்கள், பின்னால் ஒரு எழுத்து கூட இருக்காது. அதில் யார் யார் என்று சொல்லக்கூடியவர்கள் சித்தப்பா வயதுக்காரர்கள் மட்டும்தான், அவர்களுக்கும் 70, 80 ஆகியிருக்கும். அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளாதீர்கள். படங்களை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பெயர், எந்த ஊர், எந்தப் போட்டி, யாரிடம் தோற்றார்கள், எல்லாவற்றையும் கேட்டு மென்மையான பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். அவர்கள் பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜெயித்த ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டத்தைக் கேட்டால்தான் நிறையப் பேசுவார்கள், இது என் அனுபவம்.

சித்தியையும் ஒரு நாள் கேளுங்கள், ஆனால் ஆறு மாதம் கழித்து. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள். அது அந்த 15 பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.