முகர்ந்து பார்த்தால் போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது: "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது."

கேள்வி: போன மாதம் ஒரு கடையில் ஷவர்மா வாங்கி வந்தோம். ருசியில் குறையே இல்லை. மறுநாள் சாயங்காலம் மகனுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. எனக்கு லேசான வயிற்றுவலி. கணவருக்கு ஒன்றுமில்லை. கடைக்காரரைக் கேட்டால், "கெட்டுப்போயிருந்தால் வாடை அடித்திருக்குமே, அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள்" என்கிறார். அவர் சொல்வது சரியா? இனிமேல் எதைப் பார்த்து வாங்குவது?
– ஈரோடு வாசகி

பதில்: கெட்டுப்போன உணவு வேறு, நோய் தரும் உணவு வேறு. வாடை, வழவழப்பு, நிறமாற்றம் எல்லாம் உணவை அழுகவைக்கும் நுண்ணுயிரிகளின் வேலை. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் ருசி மாறாமல் இருக்கலாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்காது.

மூவர் சாப்பிட்டு ஒருவர் தப்புவதிலும் அதிசயமில்லை. எத்தனை கிருமி உள்ளே போனது, யாருடைய வயிற்றுக்குப் போனது என்ற இரண்டும் சேர்ந்துதான் நோயை முடிவு செய்கின்றன. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்குக் குறைந்த அளவே போதும்.

ஆனால் கடைசியாகச் சாப்பிட்டதன் மேலேயே பழியைப் போடும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சால்மோனெல்லா 6 மணி நேரத்திலும் நோயைக் காட்டும், 6 நாள் கழித்தும் காட்டும். உங்கள் கணக்குக்கு ஷவர்மா பொருந்துகிறது. இருந்தாலும் அதற்கு முந்தைய சில நாட்கள் மகன் வெளியில் என்னென்ன சாப்பிட்டான் என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஷவர்மாவில் எனக்குப் பெரிய கவலை மயோனைஸ். பச்சை முட்டையில் அடிப்பது அது. சிலவகை சால்மோனெல்லா கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அதற்குப் பிறகு அடுப்பும் கிடையாது. இதனால்தான் கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தன. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

அப்புறம் நேரம். கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை அது இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8. நான்கு மணி நேரத்தில் 4,096. ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். எலுமிச்சையோ வினிகரோ போதுமான அளவு சேர்ந்தால் இந்த வேகம் மட்டுப்படும். ஆனால் சாலையோரக் கடையில் அதை அளந்து ஊற்றுகிறார்கள் என்று நம்பி வாங்க முடியாது.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சுழலும் கம்பியிலிருந்து ஒரு கை தூரத்தில், அடுப்பின் அனலிலேயே, மயோனைஸ் வாளி திறந்து கிடந்தது. கூட்டம் இல்லாதவரை அந்தத் தம்பி வெந்த மேல்பகுதியை மட்டும் மெலிதாகச் சீவினார். ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் கத்தி ஆழமாக இறங்கியது. உள்ளேயிருந்து வெளிர் சிவப்பாக வந்த கறி நேராக ரொட்டிக்குள் போனது. கறிக்கு நடுப்பகுதி வரை 75 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அந்தக் கறிக்கு ஏறியிருக்க வழியே இல்லை.

ஆகவே வாங்கும்முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். மயோனைஸ் குளிர்பெட்டியிலிருந்து வருகிறதா? சீவிய கறியை மறுபடி கல்லில் போட்டு வாட்டுகிறார்களா? பச்சைக் கறியைத் தொட்ட கை அப்படியே முட்டைக்கோஸைத் தொடுகிறதா? முட்டை இல்லாத மயோனைஸ் என்று சொன்னால் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: மதியம் வடித்த சோற்றை ராத்திரி ஃப்ரைடு ரைஸ் ஆக்குவேன். நன்றாகச் சூடுபடுத்தினால் கிருமி செத்துவிடும்தானே? என் மாமியார் தினமும் பழைய சோறு சாப்பிடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆவதில்லையே?
– திருச்சி வாசகி

பதில்: கிருமி சாகும், விஷம் சாகாது. அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி வித்து வடிவில் இருக்கும். அந்த வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, ஒரு நச்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, வாணலியில் நீங்கள் எவ்வளவு வறுத்தாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

இதற்கு மிக வசதியான இடம், குக்கரிலேயே மூடிவைத்த சோறு. வெளியே ஆறினாற்போல் தெரியும், நடுவில் கை வைத்தால் சாயங்காலம் வரை கதகதப்பு இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளின் காலம். எனவே மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ராத்திரி அதையே தாராளமாக ஃப்ரைடு ரைஸ் ஆக்கலாம்.

மாமியாரின் பழைய சோற்றுக்கதை வேறு. அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கி வைக்கிறது. தயிரும் இட்லி மாவும் பிழைப்பது இதே வழியில்தான். நீராகாரத்தின் அந்த இதமான புளிப்பு வந்திருந்தால் எனக்கு அச்சமில்லை. சுத்தமான பானை, காய்ச்சி ஆறிய தண்ணீர், காலையிலேயே சாப்பிட்டு முடிப்பது, இவை மட்டும் தவறக் கூடாது. தண்ணீர் ஊற்றாத வெறும் பழஞ்சோற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறோம். அது போதுமா?
– மதுரை வாசகர்

பதில்: போதாது ஐயா. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்புவலி என்று கடந்துபோகலாம். வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை, கருச்சிதைவு வரை போகக்கூடியது. நீங்களும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல.

கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். தண்ணீரில் போட்டு உதிரியாக விற்கும் பனீரைச் சமைத்துத்தான் தர வேண்டும். கடையில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம், முழுப் பழம் வாங்கிக் கழுவி வீட்டில் நறுக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் குழம்பு, பொரியல் எதுவானாலும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். இந்தக் கிருமி சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், காரணமில்லாத காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கோழிக்கறியைக் கழுவக் கூடாதாமே?
– கோவை வாசகர்

பதில்: குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லி வரை கிருமியைக் கொண்டுபோகும். ரத்தம், இறகு இருந்தால் பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசுங்கள். கிருமியைக் கொல்வது அடுப்புதான், கழுவுவது அல்ல.

கேள்வி: வாங்கிய சாப்பாட்டால் உடம்பு கெட்டால் யாரிடம் போவது? மிச்சத்தை நாமே பரிசோதனைக்குக் கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: முதலில் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். மூடி, தேதியும் நேரமும் எழுதி, ஃப்ரிட்ஜில் தனியே வையுங்கள். பில், மருந்துச்சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். மலப் பரிசோதனை தேவையா என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரை போட்ட பிறகு கிருமி சிக்குவது கடினம்.

புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்கலாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பரிசோதிக்க உரிமை தருகிறது. தரமற்றது என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டு மிஞ்சியதற்கு இந்தப் பிரிவு உதவாது. அதனால் நோய் வந்த அன்றே அலுவலகத்தில் சொல்லி, அதிகாரியைக் கடைக்கு அனுப்பி மாதிரி எடுக்கக் கேளுங்கள். மறுநாள் போனால் அந்த மயோனைஸ் வாளி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும்.

பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு என்று நிரூபணமானால், அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.