குருமடத்துக்கு யார் மதிப்பெண் போடுவது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். இங்கே அமெரிக்காவில் எங்கள் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதி), குருவாக விரும்பும் தன் மாணவர்களைப் படிக்க அனுப்புகிற குருமடத்துக்கு இப்போது தரச்சான்று ஆய்வு வருகிறது. படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று காட்ட வேண்டும். உதவ முடியுமா என்று குருமட அதிபர் கேட்டார், சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது முழிக்கிறேன்.

எத்தனை சதவீதம் பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை சதவீதம் பேர் பணியில் அமர்ந்தார்கள் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவதில் எல்லா வருடமும் நூறு. முதலாவதில், நடுவில் போனவர்களை எல்லாம் இழப்பாகக் காட்ட வேண்டியிருக்கிறது. "அழைத்தலை அளக்க முடியாது, சும்மா நிரப்பி அனுப்புங்கள்" என்கிறார் அங்குள்ள ஒரு பேராசிரியர். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நீங்கள் இளமையில் குருமடத்தில் இருந்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இது அளக்கக்கூடியதுதானா? என்றால், எதை அளப்பது?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

சும்மா நிரப்பி அனுப்ப மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக முதலில் நன்றி.

கடவுள் ஒருவரை அழைத்தாரா என்பதை யாரும் அளக்க முடியாதுதான். ஆனால் ஆறேழு வருடம் ஒருவரைத் தன் கூரைக்குள் வைத்திருந்து, சோறு போட்டு, பாடம் சொல்லி, கடைசியில் 'இவர் தகுதியானவர்' என்று எழுதிக்கொடுத்த வீடு தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்பதை அளக்கலாம், அளந்தே ஆக வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கேட்டுக்கொண்டதன்பேரில் நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி 2004-ல் கொடுத்த அறிக்கைப்படி, 1950 முதல் 2002 வரை சிறார்மீதான பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான குருக்கள் 4,392 பேர், அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களில் ஏறக்குறைய 4 சதவீதம். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பயிற்சி இல்லம் சான்று கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறது. அவர்களில் பலருடைய காலத்தில் மனிதப் பண்பு சார்ந்த பயிற்சி என்று ஒன்று சரியாக இருக்கவே இல்லை என்று 2011-ல் வந்த அடுத்த அறிக்கை சொன்னது. அளக்க முடியாது என்று அந்தப் பேராசிரியர் பக்தியோடுதான் சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிலின் நிழலில்தான் நிறைய மறைந்து கிடந்தது.

நூறு சதவீதக் கட்டத்தை அதிகம் யோசிக்காமல் கடந்துவிடலாம். குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தும்போதே ஒருவர் ஒரு மறைமாவட்டத்துக்கு உரியவராகிவிடுகிறார், அதன்பின் ஆயர் அனுப்புகிற பங்குக்கு (ஊர்க் கோவிலுக்கும் அதன் மக்களுக்கும்) போகிறார். வேலை கிடைத்ததா என்ற கேள்வியே அவருக்குப் பொருந்தாது. அங்கே குருவாகப் போகாத பொதுநிலையினர், பெண்கள் உட்பட, இறையியல் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அது உண்மையான கேள்வி, அவர்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கெடுங்கள். எண்ணிக்கை பற்றியும் ஒன்று, உங்களுக்கே தெரிந்திருக்கும்: எட்டுப் பேர் இருக்கிற வகுப்பில் ஒருவர் போனாலே பன்னிரண்டரை சதவீதம் விழுந்துவிடும். ஐந்து வருடத்தைச் சேர்த்து, சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையாகவே காட்டுங்கள்.

போனவர்களைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

நான் இருந்த குருமடத்தில் யாராவது கிளம்பிவிட்டால் காலையில்தான் தெரியும். பக்கத்துக் கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருக்கும், டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் சதுரமாகத் தூசியில்லாத தரை தெரியும். என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். சாப்பாட்டு அறையில் அடுத்தவன் ஒரு இடம் நகர்ந்து உட்காருவான், அத்தோடு அவன் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும். நான் கிளம்பியபோது எனக்கு இருபது வயது. "கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாய்" என்று பைபிள் வசனத்தை வைத்து ஒருவர் சொன்னார். அந்த ஒரு வரியோடு பத்து வருடம் வாழ்ந்தேன், கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். எங்கள் வகுப்பில் குருவானவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, வங்கியில் இருப்பவர் உண்டு, ஒருவன் முப்பது வருடமாகத் தன் பங்கில் பாடகர் குழுவை நடத்துகிறான், சாவு வீடென்றால் செபம் சொல்ல முதலில் போய் நிற்பதும் அவன்தான். இவர்கள் எல்லோரும் அந்த வீடு வளர்த்த பிள்ளைகள். எந்த ஏட்டிலும் இல்லை.

குருமடம் என்பது ஒருவர் தன் அழைத்தலைத் தேர்ந்து தெளிகிற இடம் என்றுதான் திருச்சபையே சொல்கிறது. அப்படியென்றால், 'இது எனக்கானதல்ல' என்று மூன்றாம் வருடத்தில் நேர்மையாகக் கண்டுகொண்டு ஒருவர் வீட்டுக்குப் போவது அந்த வீடு தன் வேலையைச் செய்ததற்குச் சாட்சி. பயத்தாலும், ஊர் என்ன பேசும் என்ற வெட்கத்தாலும், அம்மா அழுவாளே என்ற கவலையாலும் கடைசிவரை இருந்து அபிஷேகம் வாங்கிக்கொள்கிறவர்தான் பிற்காலத்தில் உடைகிறார். அதனால் முதல் கட்டத்தைப் பிரித்துக் காட்டுங்கள். தானாக முடிவெடுத்துப் போனவர், அனுப்பப்பட்டவர், பணம் அல்லது உடல்நலக் காரணத்தால் போனவர் எல்லாம் வெவ்வேறு. ஐந்து வருடம் கழித்து அவர்களுக்கும் கடிதம் எழுதிக் கேளுங்கள். 'எங்களோடு இருந்த காலம் உங்களுக்கு என்ன கொடுத்தது, போகும்போது உங்களை எப்படி நடத்தினோம்?' எனக்கு ஒருவரும் அப்படி எழுதியதில்லை.

அப்புறம், எதை அளக்கிறோமோ அதை நடித்துக் காட்டக் கற்றுக்கொள்வார்கள். எங்கள் காலத்தில் மணி அடித்ததும் எழுவதும் இரவு மௌனத்தைக் காப்பதும்தான் அளவுகோல், அதில் நாங்கள் எல்லோருமே தேறியவர்கள். 2022-ல் அமெரிக்க ஆயர்கள் கொண்டுவந்த பயிற்சித் திட்டத்தின் ஆறாம் பதிப்பில், ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர் எதை எட்டியிருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அதையும் மனப்பாடம் செய்ய ஒரு புத்திசாலிப் பையனுக்கு ஆறு மாதம் போதும். இங்கே ஒரு வேலியை நீங்கள் தாண்டவே கூடாது. ஒருவரைத் திருநிலைப்படுத்தலாமா, வெளியே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம வழிகாட்டியின் கருத்தையும் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்ட குருவின் கருத்தையும் கேட்கவே கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 240. மாணவனை மிக ஆழமாக அறிந்தவர் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் அந்த ஒரு அறையிலாவது அவன் நடிக்காமல் இருக்க வேண்டும். மாதம் எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்கள் என்பது போன்ற கேள்வி உங்கள் படிவத்தில் நுழைந்தால் அடித்துவிடுங்கள், யார் சேர்க்கச் சொன்னாலும் சரி.

அப்படியானால் எங்கே அளப்பது? பங்கில், காலம் தாழ்த்தி. உங்கள் ஊரில் குருக்கள் பற்றாக்குறையால் சில மறைமாவட்டங்களில் இரண்டு மூன்று வருடத்திலேயே ஒருவரைப் பங்குத்தந்தை ஆக்கிவிடுகிறார்கள். கூரை ஒழுகுவது, பள்ளிக்கூடக் கணக்கு, சம்பளம், பேசிக்கொள்ளாத இரண்டு கோஷ்டிகள் எல்லாம் ஒரே நாளில் தலையில் வந்து விழும், மாலையில் பெரிய வீட்டில் தனியாகச் சாப்பிட வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் பதில் சொன்ன குருக்கள் 3,516 பேர். அவர்களில் 45 சதவீதம் பேரிடம் பணிச்சோர்வின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. இளையவர்களிடம் அது அதிகம். அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டீன் ஹோக், திருநிலைப்பாடு பெற்ற முதல் ஐந்து வருடத்துக்குள் விலகியவர்களை ஆராய்ந்தவர். காரணங்கள் வேறுவேறாக இருந்தாலும், தனிமை அல்லது தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற உணர்வு எல்லோரிடமும் பொதுவாக இருந்தது என்று கண்டார். அதனால் ஐந்தாம் வருடத்தில் குருவிடம் கேட்க வேண்டியது, 'கஷ்டமான நாளில் யாருக்கு போன் செய்கிறீர்கள்?' பழைய மாணவர்களுக்கென்று, குருமடங்களுக்குத் தரச்சான்று தருகிற ஏ.டி.எஸ். (இறையியல் கல்லூரிகளின் சங்கம்) என்ற அமைப்பே ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறது. அதோடு இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

குருவிடம் மட்டும் கேட்டாலும் போதாது. திருநிலைப்பாட்டுச் சடங்கை நினைத்துப் பாருங்கள். 'இவர்கள் தகுதியானவர்கள் என்று உமக்குத் தெரியுமா?' என்கிற பொருளில், அவர்களை முன்னிறுத்துகிறவரிடம் ஆயர் கேட்பார். 'கிறிஸ்தவ மக்களிடம் விசாரித்ததிலும், பொறுப்பானவர்களின் பரிந்துரையாலும்' என்று தொடங்கித்தான் பதில் வரும். மக்களிடம் விசாரிப்பது முதலில் வருகிறது. சடங்கில் அந்த வரி அப்படியே இருக்கிறது, விசாரிப்புதான் பல இடங்களில் தேய்ந்துவிட்டது.

என் அம்மா கிடையாகக் கிடந்த கடைசி வாரத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு அவஸ்தை (சாகும் தறுவாயில் தைலம் பூசும் சடங்கு) கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். குருப்பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆன இளம் சாமியார் பைக்கில் வந்தார். தைலச் சிமிழை எடுக்கும் முன்பே, "பாட்டியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். செபம் முழுக்க அந்தப் பெயரையே சொன்னார். நாற்காலி இல்லை, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார், முடிந்ததும் எழுந்து ஓடவில்லை. அம்மாவின் கை அவர் அங்கியின் ஓரத்தைப் பிடித்திருந்தது, அது தானாக விடும்வரை இருந்தார். மனிதப் பயிற்சியே எல்லாவற்றுக்கும் அடித்தளம், குருவின் ஆளுமை மக்களுக்குப் பாலமாக இருக்க வேண்டும், தடையாக அல்ல என்று 1992-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதியதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அவரை உருவாக்கிய குருமடத்துக்கு இது தெரியாது. எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்போம்.

நீங்கள் அதைக் கேட்கலாம். ஐந்து வருடம், பத்து வருடம் ஆன குருக்கள் இருக்கும் பங்குகள் ஒரு பத்தைத் தேர்ந்தெடுங்கள். பங்குப்பேரவை ஆட்களை மட்டும் பார்க்காதீர்கள், பூ வைக்கிற அம்மா, கோவில் பணியாளர், சமீபத்தில் சாவு நடந்த வீடு, சண்டை போட்டுக்கொண்டு கோவிலுக்கு வராமல் போனவர், இவர்களிடம் பேசுங்கள். கூப்பிட்டால் வருகிறாரா, தப்பு செய்தால் ஒத்துக்கொள்கிறாரா, பிரசங்கத்தில் உங்கள் வாழ்க்கை இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். குரு பெயரை எடுத்துவிட்டு, வந்த பதில்களைத் தொகுத்து அறிக்கையோடு இணையுங்கள். அந்த இரண்டு கட்டங்களையும் கேட்டபடியே நிரப்பிவிடுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னொரு பிரதியை அதிபரிடம் கொடுத்து, இப்போது படிக்கிற பிரதர்கள் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.