கப்சாய் ஒன்று கேட்டால் ஸ்கூட்டர் மூன்று
மோட்டார் மாமா பதில்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சின்ன மோட்டார் கடை வைத்திருக்கிறேன் மாமா. நன்றாக விற்கிற கப்சாய், அதாவது சின்ன கப் ரக மோட்டார்சைக்கிள், ஒன்று வேண்டுமென்றால், யாரும் கேட்காத ஸ்கூட்டர் மூன்றையும் எடு என்கிறது விநியோகக் கம்பெனி. மறுத்தால் அடுத்த மாதம் ஸ்டாக் வராது. இப்போது ஈப்போவில் அவர்களே பெரிய ஷோரூம் வேறு திறந்துவிட்டார்கள். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: தம்பி, எனக்கு என் பழைய கடையின் பின்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஒரு சிவப்பு ஸ்கூட்டர் இரண்டு தீபாவளி பார்த்தது. சீட்டு உறையைப் பிரிக்கவில்லை. டயரில் காற்று இறங்கிவிட்டது, பேங்க் வட்டி இறங்கவில்லை. கடைசியில் வாங்கின விலைக்கும் கீழே என் மச்சானுக்குத் தள்ளிவிட்டேன். கல்யாண வீட்டில் பார்த்தால் இன்றும் முறைக்கிறான்.

எல்ஃபில் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவர் செம்பனைக்குள் மண் ரோட்டில் போக வேண்டும், பின்னால் கேஸ் சிலிண்டர் கட்ட வேண்டும், முன்னால் பிள்ளையை நிறுத்த வேண்டும். சின்னச் சக்கர ஸ்கூட்டரை அவர் ஏன் வாங்குகிறார்? இத்தனை எடு என்று கோட்டா போடுகிற கம்பெனிக்காரர் ஒரு நாள் லிந்தாங் ரோட்டில் வந்து நின்று பார்த்தால் தெரியும்.

சட்டம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர், கேட்ட சரக்கோடு சம்பந்தமில்லாத நிபந்தனையைத் திணிப்பதை அதன் 10-ஆவது பிரிவு முறைகேட்டுக்கு ஓர் உதாரணமாகவே சொல்கிறது. உடனே குதிக்காதீர்கள். அந்தக் கம்பெனிக்கு ஆதிக்கம் உண்டா என்பதை முதலில் பார்ப்பார்கள். சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கையில் இருந்தால் அது ஓர் அறிகுறி என்கிறது மலேசியப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டி. அதோடு, "மூன்று எடு" என்பதை எந்த சேல்ஸ்மேனும் எழுதித் தரமாட்டான். போனில்தான் சொல்வான், அதுவும் "பாஸ், தோலோங் லா" (கொஞ்சம் உதவுங்களேன்) என்று சிரித்துக்கொண்டே. அவன் போனை வைத்ததும் நீங்களே எழுதி அனுப்புங்கள்: இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள், எனக்கு ஸ்கூட்டர் வேண்டாம், கப்சாய் மட்டும் ஐந்து. பதில் வராவிட்டாலும் தாள் உங்களிடம் இருக்கும்.

ஷோரூமைப் பற்றி, ஒப்பந்தத்தில் உங்கள் வட்டாரம் உங்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் பேசலாம். இல்லையென்றால் கஷ்டம். வாரண்டி வேலைக்கான கூலியை எத்தனை நாளில் தருவதாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஈப்போவில் வாங்கினவன் வண்டி மக்கர் செய்தால் உங்கள் வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவான். நான் என் ஒப்பந்தத்தைப் படித்தது கையெழுத்துப் போட்டுப் பதினோரு வருஷம் கழித்து. நீங்கள் இன்று இரவே படியுங்கள்.

கேள்வி: ஒரு பிராண்டுக்கு ஒரே விநியோகஸ்தர் என்பது எப்போது வந்தது?

பதில்: ஹோண்டா கதையைச் சொல்கிறேன். பினாங்கு லோ பூன் சியூ சின்ன வயதில் பஸ் கழுவி, மெக்கானிக்காகி, பிறகு முதலாளி ஆனவர். 1958-இல் ஜப்பான் போன இடத்தில் கப் மோட்டாரைப் பார்த்து, மலாயாவுக்கான விற்பனை உரிமையை வாங்கி வந்தார். ஸ்பேனர் பிடித்த கை அது. இப்போது விநியோகம் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் ஸ்பார்க் பிளக் கழற்றியிருப்பார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

கேள்வி: மூன்று மாதமாக புக்கிங் போட்டுக் காத்திருக்கிறேன். "கம்பெனி தரவில்லை" என்கிறார் கடைக்காரர். 1,200 ரிங்கிட்டுக்கு ஆக்சசரி பேக்கேஜ் எடுத்தால் நாளைக்கே வண்டியாம். யார் சொல்வது பொய் மாமா?

பதில்: நாளைக்கே தர முடிகிறது என்றால் வண்டி கடைக்குள் நிற்கிறது அம்மா. மேலே வாங்கின அடியை அவர் உங்கள் மேல் இறக்குகிறார். பாவம்தான், ஆனால் அதற்கு நீங்கள் ஏன் வேண்டாத கிராஷ் பார் மாதிரி ஆக்சசரி வாங்க வேண்டும்? புக்கிங் ரசீதை வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட்தான், 50,000 வரை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை.

உங்கள் கடித உறையிலும் சுங்கை சிப்புட் முத்திரைதான். முதல் கடிதத்துக்காரர் உங்கள் கடைக்காரராக இருந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிட்டேன்.