ரகசியச் சங்கத்தின் கணக்குப் புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வரலாறு முதுகலை மாணவி. ஆய்வேட்டுக்காக 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் ‘ஆட் ஃபெல்லோஸ்’ சங்க ஆவணங்களை எடுத்துக்கொண்டேன். ரகசியச் சங்கமாயிற்றே, பரபரப்பாக ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ஸ்கேன் செய்த பக்கங்களில் சந்தா பாக்கியும் நோய்க்கால உதவித்தொகையும்தான் இருக்கின்றன. பேசாமல் சடங்கு நூல்களின் பக்கம் போய்விடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

போகாதீர்கள். சடங்கு நூல் தலைமையகம் அச்சடித்து அனுப்பியது, எல்லா ஊருக்கும் ஒன்றேதான். புதிய உறுப்பினரின் கண்ணைக் கட்டி அழைத்துவந்து, சாவை நினைவூட்ட எலும்புக்கூட்டைக் காட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். (சங்கத்தின் உள்ளூர்க் கிளையை ‘லாட்ஜ்’ என்பார்கள். இன்றும் பழைய லாட்ஜ் கட்டடங்களில் அந்த எலும்புக்கூடுகள் அகப்பட்டு, போலீஸ் வந்து போவதுண்டு.) ஆனால் ஓர் ஊரில் யார் யாருக்கு உதவினார்கள், யாரைக் கைவிட்டார்கள் என்பது உங்களுக்கு அலுப்புத் தட்டும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1819-இல் பால்டிமோரில், ‘செவன் ஸ்டார்ஸ்’ மதுக்கடையில் தாமஸ் வைல்டியும் வேறு நான்கு பேரும் கூடித் தொடங்கிய சங்கம் இது. நோயாளியைப் பார், துன்பப்படுபவருக்கு உதவு, இறந்தவரை அடக்கம் செய், அநாதையைப் படிக்க வை என்பதுதான் அதன் கட்டளை. அரசு காப்பீடு எதுவும் இல்லாத காலத்தில், கை ஒடிந்த தச்சனுக்கு வாரந்தோறும் சில டாலர் வந்தது என்றால் அது சின்ன விஷயமா? அந்தப் பணத்துக்கு நிபந்தனைகளும் இருந்தன. சந்தா பாக்கி வைத்தவருக்குக் கிடையாது. தன் ஒழுக்கக்கேட்டால் வந்த நோய் என்றால் பல லாட்ஜ்களில் கிடையாது. அதனால் சந்தா பாக்கிப் பட்டியலைத் தள்ளிவிடாதீர்கள். வேலை போனவர்களின் பெயர்கள் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்கு பேசும் என்பதற்கு இன்னொரு சங்கத்தைச் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் மீட்வில்லில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் 1868-இல் ‘யுனைடெட் வொர்க்மென்’ சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட வேண்டும். குடும்பத்துக்குப் பின்னாளில் 2000 டாலர் வரை கிடைத்தது. வாலிபனுக்கும் முதியவருக்கும் அதே ஒரு டாலர். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உறுப்பினர்களுக்கு வயதாக ஆக வசூல் அறிவிப்பு அடிக்கடி வரும், இளைஞர்கள் கழன்றுகொள்வார்கள், மிச்சமிருப்பவர்கள் தலையில் சுமை ஏறும். இதைத் தேதிவாரியாகக் காட்ட அந்த அறிவிப்புகளை விட்டால் வேறு எது உண்டு?

அப்புறம், 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சிக்கி, பெரும்பகுதி இல்லாமலே போய்விட்டன. 1880-க்கும் 1900-க்கும் இடையே ஒருவர் எங்கே இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று தேடுபவர்களுக்கு லாட்ஜ் பதிவேடுகள் பெரிய துணை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணிக் கூட்ட ஆரம்பிக்கும் முன், விதிமுறையில் யார் உறுப்பினராகலாம் என்ற பிரிவைப் படியுங்கள். ஆட் ஃபெல்லோஸ் அன்று வெள்ளை ஆண்களுக்கான சங்கமாக இருந்தது. 1851-இல் ‘ரெபெக்கா’ பட்டம் (பெண்களுக்கென வைத்த உறுப்பினர் நிலை) வந்த பிறகுதான் பெண்களுக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் கேட்டபோது கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்காக பீட்டர் ஆக்டன் என்ற கப்பல் பணியாளர் இங்கிலாந்தில் இருந்த ஆட் ஃபெல்லோஸிடமிருந்தே அனுமதிப் பத்திரம் வாங்கி வந்தார். 1843-இல் ஃபிலோமேதியன் லாட்ஜ் அப்படித் திறந்ததுதான். ஆகவே உங்கள் பதிவேட்டில் இருப்பவர்களை வைத்து ‘அந்த ஊர்த் தொழிலாளர்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அதே ஊரில் கறுப்பினத்தவரின் லாட்ஜ் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.