பழைய பங்களா கணப்பு: சுத்தியலுக்கு முன்னால் ஏணி

தேவிகுளத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வாங்கிய பழைய வீட்டு ஹாலில் ஒரு சுவரைத் தட்டினால் பொத்தல் சத்தம் வருது. உள்ளே கணப்பு, அதாவது குளிர்காயச் சுவரோடு கட்டிய அடுப்பு, இருக்குமா, உடைக்கலாமா?

கூரைக்கு மேலே செங்கல் சிம்னி நின்றால் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சுத்தியலுக்கு முன்னால் ஏணியை எடு தம்பி. ஓடு மாற்றித் தகரம் போட்டபோது சிம்னித் தலையை வெட்டி மூடிவிட்ட வீடுகள் இந்த மலையில் நிறைய, அது தெரியாமல் முன்பக்கம் திறந்து தீ மூட்டினால் புகை முழுக்க மச்சுக்குத்தான் போகும். மேலே சரி என்றால் கீழே வா. அடைப்பு சாம்பல் நிற ஷீட்டாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அறுக்காதே, உடைக்காதே, விவரம் தெரிந்த ஆளை வைத்து முழுசாகக் கழற்று. செங்கல் அடைப்பு என்றால் பூச்சை மட்டும் முதலில் உரித்துப் பார். மேலே வளைவோ இரும்புப் பட்டையோ தெரியும், அதற்குக் கீழே, பழைய சுவரோடு பல் கோக்காமல் சும்மா முட்டி நிற்கும் கல்தான் எடுக்க வேண்டியது. மேல் வரிசையிலிருந்து, உளியால். வளைவே தெரியவில்லையா? நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடு.

பீர்மேடு: கல் இடுக்கில் காரை உதிருது. சிமென்ட் பூசலாமா?

வேண்டாங்க. சூட்டில் செங்கல் விரிந்து சுருங்கும், சிமென்ட் விட்டுக்கொடுக்காது, கடைசியில் கல்லின் முகம்தான் பெயரும். வெளிமுகத்துக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். தீ நேராகப் படும் உள்பக்கத்துக்கு ஃபயர் கிளே, அதாவது சூடு தாங்கும் களிமண். பளிச்சென்று ஆக்குகிறேன் என்று மணல் பீய்ச்ச வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், சுட்ட தோல் போனால் அந்தக் கல் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

மூணாறு: திறந்தாச்சு சார், ஆனால் புகை ஹாலுக்குள்ளேயே வருது.

முதலில் விறகு. வெட்டி இரண்டு மாதமான கிராண்டிஸ் யூகலிப்டஸ் விறகை எரித்தால் புகைதான் வரும், தவிர சிம்னி உள்சுவரில் தார் மாதிரி படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பிளந்து, மழை படாமல் ஒரு வருஷமாவது காய வேண்டும். அடுத்தது உயரம்: சிம்னி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது எழும்பணும், சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்கணும். புகைக்குழாயின் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் வாயைச் சின்னதாக்கத்தான் வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? அதை நிறுத்திப் பாருங்கள், பாதி வீட்டில் அதுதான் புகையைக் கீழே இழுக்கிறது.

ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர்: ராத்திரி முழுக்க கரி போட்டு விடலாமா?

கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. விருந்தாளி தூங்குமுன் தீ அணைந்திருக்கணும், அந்த வாயுவைக் காட்டும் அலாரமும் அறையில் இருக்கணும்.

வண்டிப்பெரியாறு: தீயே வேண்டாம், அழகுக்குத் திறந்து வைத்தால்?

தாராளமாக. ஆனால் சிம்னித் தலையில் வலை வைத்த மூடி போடுங்கள், காற்று போக இடைவெளி விட்டு. முழுக்க அடைத்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குச் சுவரில் உப்பு பூத்துவிடும்.